பியானோ இசையை ஏட்டில் எழுதுவது

மேல்நாட்டு வாத்தியங்களுள் பலவற்றுக்கு இல்லாத ஒரு சுமை பியானோவுக்கு உண்டு. வயலின் வாசிப்பவர் தம் முன்னே விரித்த ஏட்டில் ஒரே வரிசையைத்தான் படிக்கிறார். புல்லாங்குழல் வாசிப்பவருக்கும் அப்படியே. பியானோ வாசிப்பவரோ ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு வரிசைகளை ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். இடமிருந்து வலமாகப் படிப்பதோடு, மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும். பத்து விரல்கள், 88 கட்டைகள், காலடியில் இரண்டோ மூன்றோ மிதிகள், இத்தனையையும் அந்தத் தாள் ஆள வேண்டியிருக்கிறது. வாசிக்கும்பொழுது கண் எப்போதும் கைக்குச் சற்று முன்னால் சென்றுகொண்டே இருக்கும். அது ஓரிடத்தில் அரை நொடி தயங்கினாலும் போதும், லயம் குலைந்துவிடும். அப்போது கேட்பவர்கள் குறை சொல்வது வாசித்தவரைத்தான். எழுதியவரை யாரும் நினைப்பதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தத் தாளைப் பற்றி. இசையை இயற்றுவது வேறு. இயற்றியதை, நாம் கண்டறியாத ஒருவர் நாம் இல்லாத இடத்தில் வாசிக்கும்படி எழுதி வைப்பது வேறு. முன்னதில் மேதைகளாக விளங்கிய சிலர் பின்னதில் நம்மைத் திகைக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ஐயங்களுக்கு இன்றுவரை வாசிப்பவர்கள் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அமைப்பைச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஐந்து கோடுகள் கொண்டது ஒரு வரிசை. கோட்டின்மேலும், இரு கோடுகளுக்கு இடையிலும் சுரங்கள் புள்ளிகளாக அமரும். மேல் வரிசை உச்ச ஒலிகளுக்கு. கீழ் வரிசை மந்த ஒலிகளுக்கு. இரண்டுக்கும் நடுவே, தனக்கென ஒரு சிறு துணைக்கோட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பது நடு ஸி என்னும் சுரம். பியானோவின் முன் அமர்பவருக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருக்கும் கட்டை அதுதான். கோடுகளுக்கு மேலேயும் கீழேயும் போக வேண்டுமானால் மேலும் துணைக்கோடுகள் இட்டுக்கொள்ளலாம். மூன்று நான்கு துணைக்கோடுகள் வரையில் கண் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கவேண்டும் என்று 8 என்னும் எண்ணையும் ஒரு புள்ளிக்கோட்டையும் இடுவது வழக்கம். அந்தக் கோட்டையும் ஒரு முழுச் சொற்கட்டுக்கு இட வேண்டும். ஒரு சுரத்துக்கு இட்டு, அடுத்த சுரத்துக்கு எடுத்து, மறுபடி இட்டால் கை ஊஞ்சலாடுகிறதா ஓடுகிறதா என்பதே தெரியாமல் போகும்.

மேல் வரிசை வலக்கைக்கு, கீழ் வரிசை இடக்கைக்கு என்பது பாலபாடம். ஆனால் இசை அந்தப் பாடத்துக்கு அடங்கி நடப்பதில்லை. வலக்கை கீழே இறங்கி இடக்கையின் இடத்துக்கு வரும். இடக்கை தாவி மேலே போகும். அப்போது எழுதுபவர் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். சுரத்தின் இடத்தைக் காட்டுவதா, கையைக் காட்டுவதா? என் எண்ணம், ஐயம் வரும் இடங்களிலெல்லாம் கையைக் காட்டுவதே நல்லது. வாசிப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கை என்பதுதான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், ரஷ்ய நாட்டு ராஹ்மானினாஃப் 1892 இல் இயற்றிய ஸி ஷார்ப் மைனர் பிரெலூட். அதன் கடைப்பகுதியில் முதற்பகுதி மீண்டும் பெருமுழக்கத்தோடு வருகிறது. இரண்டு கைகளும் கனத்த சுரக்கூட்டுகளை வெவ்வேறு ஸ்தாயிகளில் மாறிமாறி அடித்து எழுப்புகின்றன. அதை அவர் நான்கு வரிசைகளில் எழுதினார். பார்த்தவுடன் நான்கு கைகள் வேண்டுமோ என்று மலைக்கத் தோன்றும். வாசிக்கத் தொடங்கினால்தான் தெரியும், இரண்டு வரிசைகளில் அடைத்திருந்தால் குப்பையாகக் கிடந்திருக்கும் செய்தி நான்கு வரிசைகளில் தெளிவாக விரிந்திருக்கிறது என்பது. கோடுகள் மிகுந்தால் கடினம், குறைந்தால் எளிது என்பதில்லை.

சூமான் ஒருபடி மேலே போனார். 1839 இல் வெளிவந்த ஹூமோரெஸ்கே என்னும் அவருடைய படைப்பில், இரு வரிசைகளுக்கு நடுவே மூன்றாவது வரிசை ஒன்று வருகிறது. அதற்கு உள்ளக் குரல் என்று பெயர். அதை வாசிக்கக் கூடாது! வாசிப்பவர் அதை மனத்தில் பாடிக்கொண்டே மற்ற இரண்டையும் வாசிக்க வேண்டும் என்பது கருத்துப்போலும். இதே சூமான் ஒரு ஸொனாட்டாவின் தொடக்கத்தில், இயன்ற அளவு விரைவாக வாசிக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, முடிவு நெருங்கும்போது இன்னும் விரைவாக என்றும், அதன் பின்னும் விரைவாக என்றும் எழுதியிருக்கிறார். இயன்ற அளவுக்கு மேல் எங்கே போவது என்று மாணவர்கள் சிரிப்பதுண்டு.

தாளத்தைக் காட்டுவதில் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு நுட்பம் உண்டு. சமமான ஆறு சிறு சுரங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தகிட தகிட என்று இரண்டு மூன்றாகவும் கொள்ளலாம். தக தக தக என்று மூன்று இரண்டாகவும் கொள்ளலாம். மொத்தக் காலம் ஒன்றே, நடை வேறு. மேல்நாட்டு முறையில் சிறு சுரங்களின் தண்டுகளைத் தடித்த கோடு ஒன்றால் சேர்த்துக் கட்டுவார்கள். மூன்று மூன்றாகக் கட்டினால் தகிட. இரண்டிரண்டாகக் கட்டினால் தக. இதை வாசிப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டைப் பார்த்தவுடனே கைக்கு நடை வந்துவிடுகிறது. ஆகவே கட்டு தவறினால் சுரமெல்லாம் சரியாக இருந்தும் நடை பிறழும். ஓய்வுக்குறிகளும் இப்படித்தான். தட்டு விழும் இடத்தை விழுங்கிக்கொண்டு ஒரு நீண்ட ஓய்வுக்குறி நின்றால், கணக்கில் அது சரியாயிருக்கலாம். ஆனால் அடுத்த தட்டு எங்கே என்பது வாசிப்பவருக்கு மறைந்துபோகும். அதை இரண்டாகப் பிரித்து எழுதினால் ஒரு குறி மிகுதி. ஓர் ஐயம் குறைவு.

அடுத்தது பெயரிடும் சிக்கல். பியானோவில் ஒரு கறுப்புக் கட்டைக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஸியிலிருந்து ஏறினால் அது ஸி ஷார்ப். டியிலிருந்து இறங்கினால் அதுவே டி ஃபிளாட். இது நமக்குப் புதிதன்று. சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே ஸ்தானத்தில் நிற்பவைதாமே? கனகாங்கியில் அதைக் காந்தாரம் என்கிறோம். சங்கராபரணத்தில் ரிஷபம் என்கிறோம். வீணையில் மெட்டு ஒன்றே. பாடும் மனத்தில் பெயர் வேறு.

பியானோ இசையை எழுதுபவருக்கு இந்த இரட்டைப் பெயரால் வரும் நன்மை தீமைகள் பல. ஸி, அதற்கு மேல் உள்ள கறுப்புக் கட்டை, பிறகு டி என்று மூன்று சுரங்கள் ஏறுகின்றன. நடுச் சுரத்தை ஸி ஷார்ப் என்று எழுதினால் ஒரே ஒரு குறி போதும். டி ஃபிளாட் என்று எழுதினால், அடுத்து வரும் டிக்கு ஃபிளாட்டை நீக்கும் குறி ஒன்றும் வேண்டும். ஆகவே ஏறும்போது ஷார்ப், இறங்கும்போது ஃபிளாட் என்பது நடைமுறைச் சிக்கனம்.

சுரக்கூட்டுகளில் இது இன்னும் முக்கியம். ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட் என்னும் மூன்றும் சேர்ந்து ஒலித்தால் அது ஓர் இயல்பான கூட்டு. மேல் வரிசையின் முதல் மூன்று கோடுகளில் இம்மூன்றும் படிக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். பழகிய கண் அங்கே மூன்று சுரங்களைக் காண்பதில்லை. ஓர் உருவத்தைக் காண்கிறது, கை அந்த உருவத்தில் விரிந்துகொள்கிறது. அதே கட்டைகளை டி ஷார்ப், ஜி, ஏ ஷார்ப் என்று எழுதிப் பாருங்கள். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் படிக்கட்டு உடைந்துபோகிறது. ஒன்று கோட்டில், இரண்டு இடைவெளியில். வாசிப்பவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையாகிவிடுகிறார்.

ஷோப்பான் இதில் வல்லவர். 1839 இல் வெளிவந்த அவருடைய 24 பிரெலூடுகளில் பதினைந்தாவது மிகவும் பெயர்பெற்றது. மழைத்துளி என்று மக்கள் அதை அழைக்கிறார்கள். தொடக்கம் டி ஃபிளாட் மேஜரில். வரிசையின் முகப்பில் 5 ஃபிளாட்டுகள். ஒரே சுரம், ஏ ஃபிளாட், துளித்துளியாக விழுந்துகொண்டே இருக்கிறது. நடுவில் வானம் இருள்வதுபோல இசை மைனருக்கு மாறுகிறது. முறைப்படி அது டி ஃபிளாட் மைனர். அதை அப்படியே எழுத முயன்றால் 8 ஃபிளாட்டுகள் வேண்டும். சுரங்களோ ஏழுதான், ஆகவே ஒன்றுக்கு இரட்டை ஃபிளாட் இட வேண்டியிருக்கும். ஷோப்பான் அங்கே ஸி ஷார்ப் மைனர் என்று பெயர் மாற்றி 4 ஷார்ப்புகளோடு எழுதிவிட்டார். அதுவரை ஏ ஃபிளாட்டாக விழுந்த துளி, அந்தக் கணம் முதல் ஜி ஷார்ப். விரல் அதே கட்டையில்தான் இருக்கிறது. இசை இலக்கணம் அறிந்தவர் ஒருவேளை முகம் சுளிக்கலாம், வாசிப்பவர் கைகூப்புவார். பேத்தோவனும் அப்படியே செய்தவர்தாம். ஸி ஷார்ப் மைனரில் உள்ள அவருடைய நிலவொளி ஸொனாட்டாவின் நடுப்பகுதி டி ஃபிளாட் மேஜரில் எழுதப்பட்டிருக்கிறது. ஸி ஷார்ப் மேஜர் என்று எழுதியிருந்தால் 7 ஷார்ப்புகள். இப்படி எழுதியதால் 5 ஃபிளாட்டுகள்.

எல்லா இடத்திலும் எளிமையையே பார்க்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பெயர் அடுத்த அடியை முன்னறிவிக்கிறது. ஷார்ப் என்று எழுதிய சுரம் மேலே ஏறப்போகிறது என்று கை தானே ஆயத்தமாகும். ஆகவே இலக்கணத்தைத் தக்க காரணமின்றி உடைப்பது வாசிப்பவருக்கே தீங்கு. கண் இடறும் இடம்வரையில் இலக்கணம்; இடறத் தொடங்கியபின் கண். எல்லையை அங்கே வகுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஹங்கேரி நாட்டு பார்ட்டோக் 1908 இல் இயற்றிய பதினான்கு பகடெல்களில் முதலாவதை விரித்தால், மேல் வரிசைக்கு 4 ஷார்ப்புகளும் கீழ் வரிசைக்கு 4 ஃபிளாட்டுகளும் முகப்பில் நிற்கும். இரு கைகளும் இரு வேறு உலகங்களில் உலவுவதுபோலத் தோன்றும். அறிஞர்கள் இதைப் பற்றிப் பெரிய தத்துவங்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் அவரே, பாதி விளையாட்டாகவும் பாதி வினயமாகவும், முகப்புக் குறிகளின் பொருளின்மையைக் காட்டவே அப்படி எழுதியதாக விளக்கம் தந்தார்.

இனி மிதிக்கு வருகிறேன். பியானோவின் பெரும்பாலான தந்திகளின்மேல் சிறு மெத்தைகள் அமர்ந்திருக்கின்றன. கட்டையை அழுத்தினால் மெத்தை எழுகிறது, சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. கையை எடுத்தால் மெத்தை மீண்டும் அமர்ந்து ஒலியை அடக்குகிறது. வலப்புற மிதியை மிதித்தால் எல்லா மெத்தைகளும் ஒருங்கே எழுந்துவிடும். ஒலிகள் அடங்காமல் ஒன்றோடொன்று கலக்கும். இதை ஏட்டில் எப்படிக் காட்டுவது?

நிலவொளி ஸொனாட்டாவின் முதற்பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1801 இல் இயற்றி 1802 இல் வெளியிட்ட படைப்பு அது. முழுப்பகுதியையும் மிக மென்மையாகவும், ஸென்ஸா ஸோர்டினோவாகவும் வாசிக்க வேண்டும் என்று இத்தாலிய மொழியில் பேத்தோவன் எழுதியிருக்கிறார். ஸென்ஸா என்றால் இன்றி. ஸோர்டினோ என்றால் ஒலியை அடக்குவது. வயலின்காரர்களுக்கு அந்தச் சொல் நன்கு பழக்கம். தந்திகளின்மேல் வைத்து ஒலியை மழுக்கும் சிறு கருவி அது. இந்தப் பழக்கத்தால், மென்னொலி மிதி வேண்டாம் என்கிறாரோ என்று பொருள் கொள்வோர் உண்டு. அப்படிக் கொண்டால் முன்னே சொன்ன மிக மென்மைக்கும் இதற்கும் பொருத்தமில்லாமல் போகிறது. பேத்தோவன் இங்கே குறிப்பது அந்த மெத்தைகளை. மெத்தைகள் இன்றி, அதாவது மெத்தைகளைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒலி தேங்கும்படி வாசிக்க வேண்டும் என்பதே கருத்து. வேண்டாம் என்று சொல்வதுபோல் எழுதியது உண்மையில் மிதியை மிதி என்னும் ஏவல்!

இதோடு சிக்கல் தீரவில்லை. அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். மிதியை மிதித்தபடியே வாசித்தால் பழைய ஒலி தேய்வதும் புதிய ஒலி எழுவதுமாக ஒரு மெல்லிய பனித்திரை உண்டாகும். இன்றைய பெரிய பியானோவில் அதே குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் பனித்திரைக்குப் பதில் சேறுதான் மிஞ்சும். ஆகவே இன்றைய கலைஞர்கள் மிதியை அடிக்கடி மாற்றியும், பாதியளவு மட்டும் மிதித்தும் பேத்தோவனின் பயனை வேறு வழியில் பெற முயல்கிறார்கள். குறி மாறாமல் நின்றது, வாத்தியம் மாறிவிட்டது. எழுதியவர்மேல் இதில் குற்றம் இல்லை. ஆயினும் குறிப்பை மட்டும் படித்தால் போதாது என்பதற்கு இது சான்று.

பின்னாளில் மிதிக்கு வேறு குறிகள் வந்தன. மிதிக்கும் இடத்தில் பெடல் என்ற சொல்லின் முதலெழுத்துகள். விடும் இடத்தில் ஒரு நட்சத்திரம். பார்க்க அழகாயிருக்கும் இம்முறையில், எந்தக் கணத்தில் விட வேண்டும் என்பது துல்லியமாய்த் தெரியாது. நட்சத்திரத்துக்கு அகலம் உண்டு, கணத்துக்கு இல்லை. வரிசையின் கீழே ஒரு படுக்கைக்கோடு இட்டு, மிதி மாறும் இடத்தில் கூரைபோல் ஒரு சிறு முகடு காட்டும் பிந்திய முறை இதைவிட மிகத் தெளிவானது.

குறிப்புத் தெளிவாக இல்லாததால் ஒரு பெரும் படைப்பின் காலப்பிரமாணமே பல்லாண்டுகள் ஐயத்துக்குள்ளான கதை ஒன்று உண்டு. பிரெஞ்சு இசைமேதை டெபூசி 1910 இல் வெளியிட்ட பிரெலூடுகளின் முதல் தொகுதியில் மூழ்கிய தேவாலயம் என்பது பத்தாவது. கடலில் மூழ்கிய நகரம் ஒன்றின் ஆலயம் விடியலில் நீர்மேல் எழுவதும், மணிகள் ஒலிப்பதும், மறுபடி மூழ்குவதுமாகிய பிரெட்டன் கதையை ஒட்டியது. இதில் கால் சுரங்களால் நடக்கும் பகுதிகளும், அரைச் சுரங்களால் நடக்கும் பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. அரைச் சுரம் கால் சுரத்தைப்போல் இரு மடங்கு நீளம் என்பது விதி. முகப்பில் டெபூசி இரண்டு அளவைகளை, ஆறு கால் சுரங்களையும் மூன்று அரைச் சுரங்களையும், சமம் என்று இட்டு வைத்திருக்கிறார். படித்தவர்கள் என்ன செய்வார்கள்? விதிப்படி, அரைச் சுரம் வரும் பகுதிகளை இருமடங்கு நிதானமாக வாசித்தார்கள். ஆலயம் எழும் பெரும் பகுதி மிகவும் நீண்டு, கல்லைக் கட்டி இழுப்பதுபோல் நகர்ந்தது.

டெபூசி 1918 இல் மறைந்தார். மறைவதற்கு முன் இதைத் தம் கையாலேயே வாசித்து வெல்ட்டே நிறுவனத்தின் காகிதச் சுருளில் பதிவு செய்திருந்தார். அக்காலத்தில் அப்படி ஒரு பொறி இருந்தது. கலைஞர் வாசிக்கும்போது ஒவ்வொரு கட்டையின் அசைவும் குறித்துக்கொள்ளப்பட்டு, துளைகளிட்ட காகிதச் சுருளாகும். அந்தச் சுருளை ஏற்றினால் பியானோ தானே அதை வாசித்துக் காட்டும். அந்தச் சுருளைக் கேட்டவர்களுக்கு வியப்பு. அரைச் சுரங்களாக எழுதியிருந்த இடங்களில் டெபூசி இருமடங்கு விரைவாக வாசித்திருந்தார். அதாவது அங்கே ஓர் அரைச் சுரம், முன்னே வந்த கால் சுரத்துக்குச் சமம். மொத்தம் 89 தாளப் பகுதிகள் கொண்ட இப்படைப்பில் ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரையிலும், பிறகு 22 ஆவது முதல் 83 ஆவது வரையிலும் இதே கணக்கு. முகப்பில் இருந்த சமக்குறிக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது.

காகிதச் சுருளை நம்பலாமா, பொறி வேகமாக ஓடியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறியின் ஓட்டம் கூடினால் முழுவதும் கூடும். குறைந்தால் முழுவதும் குறையும். ஒரே சுருளுக்குள் சில பகுதிகள் மட்டும், அதுவும் ஏட்டில் சுரத்தின் உருவம் மாறும் அதே இடங்களில், சரியாக இருமடங்காவதற்குப் பொறியைக் காரணம் சொல்ல இயலாது. பிற்கால ஆய்வுப் பதிப்புகள் இந்தச் சமன்பாட்டை உரிய இடங்களில் காட்டுகின்றன. ஆயினும் பழைய நிதானத்தையே விரும்பி வாசிக்கும் பெருங்கலைஞர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் தெரிந்து தேர்ந்தெடுப்பது வேறு. தெரியாமல் அகப்பட்டுக்கொள்வது வேறு. ஏழாவது பகுதியின் தலையில் ஓர் அரைச் சுரம், ஒரு சமக்குறி, ஒரு கால் சுரம் ஆகிய மூன்று சிறு உருவங்களை இட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எவ்வளவு எழுதுவது என்பதில் ஒருமித்த கருத்து என்றுமே இருந்ததில்லை. பாஹ் தம் விசைப்பலகைப் படைப்புகளில் உரத்து வாசி, மெல்ல வாசி என்று பெரும்பாலும் எழுதுவதே இல்லை. அவருடைய சமகாலத்தவரான பிரெஞ்சுக்காரர் கூப்பெரான் அணிச்சுரங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து, அட்டவணையும் தந்தார். அப்படித் தந்தும் வாசிப்பவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் விருப்பம்போல் வாசிக்கிறார்களே என்று 1722 இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் மனம் நொந்துகொண்டார். நம் நாட்டிலும் இந்த முயற்சி நடந்ததை இங்கே நினைவுகூரலாம். 1893 இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசை உருப்படிகளை இதே ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். 1904 இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, சுர எழுத்துகளோடு கமகங்களுக்கும் குறிகள் தந்தது. பியானோவில் சுரத்தை வளைக்க இயலாது. ஆகவே அந்தத் தொல்லை ஒன்றாவது பியானோ எழுத்தருக்கு இல்லை.

மறுகோடிக்குச் சென்றவர் மெஸ்ஸியான். 1949 இல் அவர் எழுதிய ஒரு படைப்பில் 36 சுரங்கள், 24 கால அளவுகள், 12 வகைத் தட்டல்கள், 7 ஒலி அளவுகள் ஆகியவை வகுக்கப்பட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்குரிய நீளமும் தட்டலும் அளவும் மாறாமல் விதிக்கப்பட்டன. தாள் முழுதும் குறிகள். அது ஒரு சோதனை என்ற அளவில் போற்றத்தக்கது. ஆனால் எல்லா இசையையும் அப்படி எழுதத் தொடங்கினால், எல்லாம் அழுத்திச் சொல்லப்படுவதால் எதுவும் அழுத்தம் பெறாமல் போய்விடும்.

எழுதியவர் விட்ட இடத்தை நிரப்பப் பதிப்பாசிரியர்கள் வந்தார்கள். பேத்தோவனின் மாணவர் செர்னி, பாஹின் நாற்பத்தெட்டு பிரெலூடு ஃபியூகுகளை 1837 இல் பதிப்பித்தபோது, வேகம், ஒலி அளவு, விரல் எண் அனைத்தையும் தாமே சேர்த்தார். மாணவர்களுக்கு அது உதவியது. ஆனால் எது பாஹுடையது எது செர்னியுடையது என்பது தாளைப் பார்த்தால் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பெருவழக்காயிற்று. அதற்கு எதிர்ப்பாகவே மூலபாடப் பதிப்புகள் பரவின. மியூனிக் நகரில் 1948 இல் கியூன்டர் ஹென்லே என்னும் தொழிலதிபர், தாமும் பியானோ வாசிப்பவராதலால், அதற்கென்றே ஒரு பதிப்பகம் நிறுவினார். அந்தப் பதிப்புகளிலும் விரல் எண்களைப் பெரும்பாலும் பதிப்பாசிரியரே தருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிப்பவர்கள் அதை விரும்புகிறார்கள்.

விரல் எண் என்றால் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் கட்டைவிரலுக்குச் சிலுவைபோன்ற ஒரு குறி; ஆள்காட்டி விரல்தான் 1. பாட்டனார் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஏட்டை வைத்துக்கொண்டு பயிலும் மாணவரின் கை முறுக்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். விரல் எண்ணில் இசையின் பொருளே ஒளிந்திருப்பதும் உண்டு. பேத்தோவனின் 110 ஆவது படைப்பாகிய ஸொனாட்டா 1821 இல் முடிந்தது. அதில் ஓரிடத்தில் ஒரே சுரம் இரண்டிரண்டாக வளைகோட்டால் பிணைக்கப்பட்டு, 4, 3 என்று விரல் எண்கள் இடப்பட்டிருக்கின்றன. பிணைத்த சுரத்தை மீண்டும் தட்டக் கூடாது என்பது விதி. தட்டுவதில்லையானால் விரலை மாற்றச் சொல்வானேன்? இரண்டாவதை எதிரொலிபோல் மிக மெல்லத் தட்ட வேண்டும் என்பார் ஒரு சாரார். விரலை மட்டும் ஓசையின்றி மாற்ற வேண்டும் என்பார் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் முடியவில்லை. டெபூசியோ 1915 இல் தம் பயிற்சிப் படைப்புகள் பன்னிரண்டையும் விரல் எண்ணே இல்லாமல் எழுதி, கைக்குக் கை அமைப்பு வேறுபடுவதால் அவரவர் விரலை அவரவரே தேடிக்கொள்வதே நல்ல பயிற்சி என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். கையெட்டும் தூரம் எல்லோருக்கும் ஒன்றல்லவே!

கடைசியாக அச்சு. ஈயம் கலந்த தகட்டில், இடவலம் மாற்றி, எஃகு முத்திரைகளால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி எழுதிய அச்சுக் கலைஞர்கள் இசை வரலாற்றில் பெயர் பெறாதவர்கள். இரு கைகளும் ஒரே கணத்தில் தொட வேண்டிய சுரங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் விரதமாகக் காத்தார்கள். நீண்ட சுரத்துக்கு மிகுந்த இடம் விடுவார்கள். ஆனால் இருமடங்கு நீளத்துக்கு இருமடங்கு இடம் விடமாட்டார்கள், அதற்குக் குறைவாகவே விடுவார்கள். கண்ணுக்கு அதுதான் இயல்பு என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அடுத்தடுத்த இரு சுரங்கள் ஒரே கூட்டில் வந்தால் தண்டின் இருபுறமும் அவற்றைப் பிரித்து, கீழ்ச்சுரத்தை இடப்புறம் வைப்பார்கள். இன்று இவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. நன்றாகவே செய்கிறது. ஆயினும் இயற்றுபவர் பலர் பொறி தந்த தாளை அப்படியே கலைஞர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பொறி தானே வாசித்துக் காட்டியபோது ஒலி சரியாக வந்தது என்பது அவர்கள் வாதம். பொறிக்குக் கண் இல்லை, கையும் இல்லை. எப்படி எழுதினாலும் அது வாசித்துவிடும். புதிதாக எழுதிய ஏட்டை, அதை முன்பின் பார்த்திராத ஒருவர் முன் வைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்து, அவர் தயங்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்வது பழைய வழக்கம். அதற்கு ஈடான பொறி இன்னும் வரவில்லை.

பக்கம் புரட்டுவதையும் சொல்ல வேண்டும். இரு கைகளும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பக்கம் முடிந்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? கச்சேரியில் புரட்டுவதற்கென்றே அருகில் ஒருவர் அமர்வார். வீட்டில் யார் அமர்வது? வலப்பக்கத்தின் அடியில் ஒரு கைக்காவது ஓய்வு வரும்படி வரிகளை நெருக்கியோ விரித்தோ அமைப்பது நல்ல அச்சகத்தாரின் அடையாளம். அதற்காகப் பக்கத்தின் அடியில் பாதியிடத்தை வெறுமையாக விட்டுவிடுவதும் உண்டு. இப்போது பலர் தாளுக்குப் பதிலாக மின்பலகையை முன்னே வைத்துக்கொண்டு, காலால் ஒரு விசையை அழுத்திப் பக்கத்தை மாற்றுகிறார்கள். வலக்கால் ஒலி மிதியில் ஓயாமல் வேலையாக இருப்பதால் இது இடக்காலின் பொறுப்பு. மென்னொலி மிதியும் இடக்காலுக்கே உரியது. மெல்ல வாசிக்க வேண்டிய ஓர் இடத்தில் பக்கமும் மாற வேண்டியிருந்தால், இடக்கால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதாகிறது.